ஆற்றைக் காத்த ஆய்வுகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில் இரண்டு ஆறுகள் மிக அருகருகே ஓடுகின்றன. ஒன்று ஜெம்போல் ஆறு. அது மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணையைச் சென்றடைகிறது. மற்றொன்று செர்த்திங் ஆறு. அதன் நீர் பகாங் ஆற்றின் வழியாகத் தென்சீனக் கடலைச் சேர்கிறது. பழங்காலத்தில் வணிகர்கள் ஓர் ஆற்றின் வழியே படகில் வந்து, இடையிலுள்ள சிறிய நிலப்பகுதியில் படகைத் தரையோடு இழுத்துச் சென்று, மறு ஆற்றில் இறக்கிப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அதனால் அவ்வழிக்குப் ‘பெனாரிக்கான்’ என்று பெயர் வந்தது. மலாய் மொழியில் அது ‘இழுத்தல்’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்தது. தீபகற்பத்தின் மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைத்த வழி அது.

இன்று அங்கே படகுகள் இல்லை. பகாவ் பட்டணத்தைச் சுற்றி எத்திசையில் சென்றாலும் செம்பனை மரங்களே வரிசை வரிசையாகத் தெரிகின்றன. அதற்கு முன்பு அந்நிலத்தின் பெரும்பகுதியில் ரப்பர் நின்றது. என் பாட்டி அவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை வேலைக்குப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதியம் ஆற்றில் குளித்துத் துணி துவைத்துக்கொண்டுதான் லயத்துக்குத் திரும்புவாராம். பிள்ளைகள் அதே ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார்கள். “பிறகு ஒரு காலம் வந்தது. தண்ணி கறுத்துப் போச்சு. நாத்தம் தாங்காது. செத்த மீனு வெள்ளையா மிதக்கும்,” என்று பாட்டி சொல்வார். எந்த ஆண்டு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. “மேல ஆலை வந்த பிறகு” என்பார். அதுதான் அவருடைய நாட்காட்டி.

ஆலை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். செயற்கை ரப்பரின் போட்டியால் இயற்கை ரப்பரின் விலை நிலையில்லாமல் போனது. ஒரே பயிரை நம்பியிருப்பது ஆபத்து என்று உணர்ந்த அரசாங்கம், 1960களில் செம்பனைப் பயிரீட்டை ஊக்குவித்தது. 1956இல் தோற்றுவிக்கப்பட்ட ஃபெல்டா, காடுகளைத் திருத்தி நிலமற்ற மக்களைக் குடியேற்றி, செம்பனையைப் பெருமளவில் பயிரிட்டது. தனியார் தோட்டங்களும் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டன. செம்பனைக் குலை வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சென்றுவிட வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். ஆகவே, தோட்டம் இருக்கும் இடத்திலேயே ஆலையும் இருக்க வேண்டும். ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்காக ஆற்றங்கரையில் ஆலைகள் எழுந்தன. கழிவும் அந்த ஆற்றுக்கே போனது.

செம்பனை ஆலையில் குலைகளை முதலில் நீராவியில் வேக வைக்கிறார்கள். பின்பு பழங்களை உதிர்த்து, கடைந்து, பிழிந்து, எண்ணெயை நீரிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். இவ்வேலைகள் முடிந்ததும் எஞ்சுவது சூடான, பழுப்பு நிறமான, புளித்த கலங்கல் நீர். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன்னுக்கும் கூடுதலாக இக்கழிவுநீர் மிஞ்சும். இதில் நூற்றுக்கு 95 பங்கு வெறும் தண்ணீர்தான். மீதி, பழத்தின் நாரும் சதையும் சிறிதளவு எண்ணெயும். எண்ணெய் எடுக்கும் வேலையில் நச்சு இரசாயனம் எதையும் சேர்ப்பதில்லை. அப்படியானால் மீன்கள் ஏன் செத்தன?

இக்கேள்விக்கான விடையை ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நூறு பேருக்குச் சமைத்து, நூறு பேருக்கான தண்ணீரைக் குடங்களில் நிரப்பி வைத்திருக்கிறோம். திடீரென்று யாரோ பத்தாயிரம் பேருக்கான சோற்றைக் கொண்டுவந்து கொட்டினால், ஊரே வந்து உட்கார்ந்துவிடும். சோறு போதும், ஆனால் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிடும். ஆற்றில் நடப்பதும் அதுவே. ஆலைக்கழிவு நஞ்சு அன்று. அது நுண்ணுயிர்களுக்குச் சோறு. அவை பல்கிப் பெருகி அதைத் தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, முழுவதும் உறிஞ்சிவிடுகின்றன. மீன் மூச்சு முட்டிச் சாகிறது.

ஒரு லிட்டர் கழிவுநீரைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் உயிர்வளி வேண்டும் என்பதை அளக்க முடியும். அந்த அளவை ‘உயிர்வேதி உயிர்வளித் தேவை’ என்கிறோம். ஆலைகளில் எல்லாரும் ‘பி.ஓ.டி.’ என்றே சொல்வார்கள். சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவின் பி.ஓ.டி. சராசரியாக 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரைக் காட்டிலும் ஏறத்தாழ நூறு மடங்கு கடுமையானது. நம் நாட்டின் வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய ஆற்றுநீரில் கரைந்திருக்கக்கூடிய உயிர்வளி வெறும் 7 அல்லது 8 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ஆலைக்கழிவு, மூவாயிரம் லிட்டருக்கும் அதிகமான ஆற்றுநீரின் மூச்சைப் பறித்துவிடும். மணிக்கு 30 டன் குலைகளை அரைக்கும் ஆலையொன்று நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால், 600 டன் குலைகளிலிருந்து ஏறத்தாழ 390 டன் கழிவுநீர் வெளியேறும். அத்தனையும் ஒரு சிற்றாற்றில் கலந்தால் அந்த ஆறு என்ன செய்யும்?

1974ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்கீழ், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிமுறைகள் 1977இல் வெளியிடப்பட்டன. இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. ஆலையை உடனே மூடச் சொன்னால் ஆறு பிழைக்கும். ஆனால், மரத்தில் பழுக்கும் குலை சட்டத்துக்காகக் காத்திருக்காது. குலை வெட்டுபவர், உதிரிப்பழம் பொறுக்குபவர், லாரி ஓட்டுநர் ஆகிய எல்லாருடைய சம்பளமும் ஆலைப் புகைபோக்கியில் கட்டப்பட்டிருந்தது. மறுபுறம், இக்கழிவைச் சுத்திகரிக்கும் வழி அப்போது உலகில் எவர் கையிலும் தயாராக இல்லை. செம்பனையை இந்த அளவில் பயிரிட்ட நாடுகள் மிகச் சில. குளிர்நாடுகளின் சாக்கடைச் சுத்திகரிப்பு முறைகளோ இயந்திரங்களால் காற்றைச் செலுத்துபவை. அவற்றுக்கு மின்சாரச் செலவு மிகுதி. நூறு மடங்கு கடுமையான கழிவுக்கு அவை பொருந்தவும் மாட்டா.

விதிமுறைகளை எழுதியவர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். அவர்கள் ஒரே நாளில் ஆற்றைத் தூய்மையாக்கச் சொல்லவில்லை. படிப்படியாக இறங்கச் சொன்னார்கள். 1978 ஜூலை முதல் ஆற்றில் விடும் நீரின் பி.ஓ.டி. 5,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு 2,000. பிறகு 1,000, 500, 250 என்று குறைந்து, 1984இல் 100. முதல் ஆண்டில் வரம்பை மீறிய ஆலை, மீறிய ஒவ்வொரு டன் பி.ஓ.டி.க்கும் 100 ரிங்கிட் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து பணம் கட்டித் தப்பிக்க முடியாது, வரம்பு கட்டாயமாக்கப்பட்டது. நாம் மேலே கண்ட ஆலையின் கணக்கில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 டன் பி.ஓ.டி. 39 கிலோவாகக் குறைய வேண்டும். ஆறே ஆண்டுகளில்!

அவ்விதிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. கழிவைச் சுத்திகரிக்கும் வழிகளை ஆராயும் ஆலைக்குக் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ அதில் இடமிருந்தது. தண்டம் கட்டும் பணத்தை ஆய்வில் போடு என்று சட்டமே சொன்னது போல. இதனால் ஆய்வு பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் நடக்கவில்லை, தோட்டத்துக்குள்ளும் நடந்தது.

1979இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக்கழகம் அமைக்கப்பட்டது. ‘போரிம்’ என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட இக்கழகமே 2000ஆம் ஆண்டில் மற்றோர் அமைப்புடன் இணைந்து இன்றைய மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமாக மாறியது. நாட்டில் உற்பத்தியாகும் செம்பனை எண்ணெயின் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தீர்வை வசூலிக்கப்பட்டு, அது ஆய்வுக்குச் செலவிடப்பட்டது. 1920களில் தொடங்கப்பட்ட ரப்பர் ஆய்வுக்கழகமும் இவ்வாறே தீர்வையால் நடந்து வந்தது. ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்கும் 1978இல் தனி விதிமுறைகள் வந்தன. அந்தக் கழிவிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றத்தைப் பழைய தோட்டவாசிகள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். ஆய்வுக்கான பணம் அரசின் கைவழியே வந்தாலும், வெயிலில் குலை வெட்டியவரின் வியர்வையும் விடியற்காலைப் பனியில் பால்மரம் வெட்டியவரின் உழைப்பும் அதில் கலந்தே இருந்தன.

ஆய்வாளர்கள் கண்ட வழி ஆடம்பரமற்றது. குளம் வெட்டினார்கள். நம் நாட்டில் தோட்டத்துக்குள் நிலம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பம் இருக்கிறது. உயிர்வளியே தேவைப்படாத ஒருவகை நுண்ணுயிர்கள் உள்ளன. குளிர்நாட்டில் குளிர்காலத்தில் சோம்பிக் கிடக்கும் இவை, நம் வெப்பத்தில் பன்னிரண்டு மாதமும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சூடான கழிவை முதலில் ஒரு குளத்தில் ஆறவிட்டு, மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுவார்கள். அடுத்து அமிலக் குளம். அதன் பிறகு ஐந்து மீட்டருக்கும் கூடுதலான ஆழமுடைய காற்றில்லாக் குளங்கள். இவற்றில் ஒரு மாதத்துக்கும் மேலாக நீர் தங்கியிருக்கும். கடைசியாக, வெயிலும் காற்றும் படும் ஆழமற்ற குளங்கள். அங்கே பாசிகள் உயிர்வளியை ஊட்ட, எஞ்சிய அழுக்கும் கரைகிறது. இயந்திரம் மிகக் குறைவு. மின்சாரமும் மிகக் குறைவு.

கேட்பதற்கு எளிது. குளத்தைப் பராமரிப்பது எளிதன்று. காற்றில்லாக் குளத்தில் இருவகை நுண்ணுயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. ஒருவகை கழிவை அமிலமாக்கும்; இவை விரைவாக வேலை செய்பவை. மற்றொரு வகை அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் வளியாக மாற்றும். இவை மெதுவானவை, அமிலம் மிகுந்தால் முடங்கிவிடுபவை. பழம் அதிகமாக விளையும் மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். அப்போது அளவுக்கு மீறிப் புதிய கழிவை உள்ளே விட்டால், அமிலம் சேர்ந்து, மீத்தேன் ஆக்கும் உயிர்கள் செயலிழந்து, குளம் முழுவதும் வேலை நிறுத்தம் செய்துவிடும். தோசை மாவு அளவோடு புளித்தால் சுவை. மூன்று நாள் விட்டால் வாயில் வைக்க முடியாது அல்லவா? குளமும் அப்படித்தான். இதற்கு, ஏற்கெனவே சிதைந்து அமிலம் குறைந்த நீரை மீண்டும் முதற்குளத்துக்குத் திருப்பிவிடும் முறை கையாளப்பட்டது. அடியில் படியும் சேற்றை அவ்வப்போது அள்ளவும் வேண்டும். அள்ளாவிட்டால் ஐந்து மீட்டர் குளம் மூன்று மீட்டர் குளமாகிவிடும். ஆய்வறிக்கையில் ஒரு வரியாக இருக்கும் இவ்வேலையைத் தோட்டத்தில் ஒரு மனிதர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு செய்திருப்பார்.

சேறும் வீணாகவில்லை. ஒரு டன் கழிவுநீரில் இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட பொட்டாசியமும் ஏறத்தாழ முக்கால் கிலோ நைட்ரஜனும் உள்ளன. தோட்டம் காசு கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்கும் உரச்சத்துகள் இவை. நாம் கண்ட ஆலை நாள்தோறும் முக்கால் டன்னுக்கும் அதிகமான பொட்டாசியத்தை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். எனவே, ஓரளவு சுத்திகரித்த நீரை மரவரிசைகளுக்கு இடையே வெட்டிய வாய்க்கால்களிலும் பாத்திகளிலும் விட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு விட்டால் மரம் செழிக்கும், எவ்வளவு மிஞ்சினால் வேர் மூச்சுத்திணறும், மழை பெய்தால் எங்கே வழிந்தோடும் என்பதையெல்லாம் வயலில் அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சட்டமும் இதற்கு வழிவிட்டது. நிலத்தில் பாய்ச்சும் நீருக்குத் தனி வரம்பு, மிகக் குறைந்த கட்டணம்.

விளைவு என்ன? 1978க்கும் 1984க்கும் இடையில் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ இருமடங்கானது. அதே காலத்தில் ஆலைகள் ஆறுகளில் விட்ட கழிவின் சுமை வெகுவாகக் குறைந்தது. தொழில் வளர்ந்தால் ஆறு சாகத்தான் வேண்டும் என்று அதுவரை சொல்லி வந்தவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி.

அந்த 5,000, 2,000, 100 என்ற எண்கள் எப்படி அளக்கப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பி.ஓ.டி. சோதனை பிரிட்டனில் பிறந்தது. நீர் மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, இருட்டில் 20 பாகை செல்சியசில் ஐந்து நாள் வைத்திருந்து, உயிர்வளி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது உலக வழக்கம். ஏன் ஐந்து நாள்? பிரிட்டனின் எந்த ஆறும் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்பதே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. நம் ஆறுகளோ 20 பாகையில் ஓடுவதில்லை. மலேசிய விதிமுறை 30 பாகையில் மூன்று நாள் என்று வகுத்தது. நம் வெயிலில் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்கின்றன. மூன்று நாளே போதும். வெள்ளிக்கிழமை அடைத்த போத்தலைத் திங்கட்கிழமை திறக்கலாம். சிறிய மாற்றம்தான். ஆனால், அந்நிய ஆற்றின் அளவுகோலை வைத்துக்கொண்டு நம் ஆற்றை அளக்க வேண்டாம் என்று முடிவெடுக்க ஒரு துணிவு வேண்டும்.

ஆறு ஓரளவு மீண்டது. கதை அங்கே முடியவில்லை. குளங்களின் மேற்பரப்பில் எப்போதும் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. அழுக்கின் பெரும்பகுதி காணாமற்போகவில்லை. வளியாக மாறி வானத்துக்குப் போனது. அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரிவளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு அதிகமாகப் புவியை வெப்பமாக்கும். 1980களில் இதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அன்றைய கவலை ஆறு. அதுவும் நியாயமான கவலைதான்.

பெனாரிக்கான் வழியை நினைவில் வைத்திருக்கிறீர்களா? அந்தச் செர்த்திங் ஆற்றின் பெயரைத் தாங்கிய செர்த்திங் ஹிலிரில் ஃபெல்டாவின் செம்பனை ஆலை ஒன்று இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் முகமட் அலி ஹசான் குழுவினரும், ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் யொஷிஹித்தோ ஷிராய் குழுவினரும் அங்கே வந்தார்கள். குளத்திலிருந்து உண்மையில் எவ்வளவு மீத்தேன் எழுகிறது என்பதை ஆய்வுக்கூடக் கணக்கால் அல்லாமல், அந்தக் குளத்திலேயே அளப்பது அவர்களுடைய நோக்கம். ஆலை எப்படி ஓடுகிறதோ குமிழியும் அப்படியே மாறும். பழம் குறைந்த நாளில் ஓர் அளவு. மிகுந்த நாளில் வேறோர் அளவு. எனவே, ஒருநாள் அளந்துவிட்டுப் போக முடியாது. நீண்ட நாள் அங்கேயே அளக்க வேண்டும்.

2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு டன் கழிவுநீரைத் திறந்த குளத்தில் சுத்திகரிக்கும்போது ஏறத்தாழ 12 கிலோ மீத்தேன் வெளியேறுகிறது. ஒரே ஒரு காற்றில்லாக் குளம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோ மீத்தேனைக் காற்றில் விட்டது. ஆற்றைக் காப்பாற்றிய குளம் வானத்துக்குக் கடன் வைத்திருந்தது என்பது இப்போது எண்ணாகத் தெரிந்தது. இந்த எண் கிடைத்த பிறகே, மூடிய கலனில் அந்த வளியைப் பிடித்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிட முடிந்தது. அதே ஆலையில் 500 கன மீட்டர் கொள்ளளவுடைய மூடிய கலனை அமைத்துச் சோதித்தார்கள். பிடித்த மீத்தேனை எரித்தால் மின்சாரம். தோட்டத்தின் குலைக்கழிவு தோட்டத்துக்கே விளக்கேற்றலாம்.

2014 முதல், புதிதாகக் கட்டப்படும் ஆலைகள் மீத்தேனைப் பிடிக்கும் வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என்று செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது. பழைய ஆலைகளின் நிலை வேறு. நகரத்திலிருந்து தொலைவில் இருக்கும் ஆலை, மின்சாரத்தை உற்பத்தி செய்தாலும் அதை விற்க மின்கம்பி அருகில் இல்லை. கலனுக்குச் செலவழித்த பணம் திரும்பி வருமா என்று நிர்வாகம் தயங்குகிறது. திறந்த குளங்கள் இன்னும் பல இடங்களில் குமிழியிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், 1978இல் ஆற்றுக்குக் காட்டிய கண்டிப்பை வானத்துக்கு இவ்வளவு தாமதமாகக் காட்டியது ஏன் என்று கேட்கும் உரிமை உங்கள் தலைமுறைக்கு உண்டு.

என் பாட்டியின் கடைசிக் காலத்தில், வரம்புகளைப் பற்றியும் குளங்களைப் பற்றியும் அவரிடம் விளக்கிச் சொன்னேன். ஆற்றில் விடும் நீர் இப்போது நூறு மில்லிகிராமுக்குள், சில இடங்களில் இருபதுக்குள் இருக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி. தண்ணி நெறம் மாறிடுச்சா?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. கடைசிக் குளத்தைத் தாண்டி வரும் நீரின் பி.ஓ.டி. வரம்புக்குள் இருந்தாலும் அதன் நிறம் பெரும்பாலும் தேநீர்ச் சாயம் போலவே இருக்கிறது. செம்பனை நாரிலுள்ள லிக்னின், டானின் போன்ற பொருள்களை நுண்ணுயிர்கள் எளிதில் தின்பதில்லை. கருநிற நீரில் வெயில் ஆழமாக இறங்காது; அடியிலுள்ள நீர்த்தாவரங்களுக்கு ஒளி கிட்டாது. நிறத்தை நீக்கும் முறைகள் இருக்கின்றன; அவை எல்லா ஆலைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் இல்லை. செம்பனைக் கொட்டையின் ஓட்டைச் சுட்டுச் செய்த கரித்தூளில் வடிகட்டிப் பார்க்கிறார்கள். காளான் இனத்தைச் சேர்ந்த உயிர்களையும் பாசிகளையும் வளர்த்துப் பார்க்கிறார்கள். நம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் இவ்வேலை இப்போதும் நடந்து வருகிறது.